நெல்லை வீட்டு ஆன்டெனாக்கள் ஏன் இலங்கையைப் பாத்து நின்னுச்சு? ஷட்டர் டிவிகள் சொல்லும் வரலாறு

1/
நெல்லை, தூத்துக்குடி மக்களே, வீட்ல 60 வயசு தாண்டினவங்க யாராவது பக்கத்துல இருந்தா இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்க.

"நம்ம வீட்டு முதல் டிவிக்கு வச்ச ஆன்டெனா எந்தத் திசையைப் பாத்து நின்னுச்சு?"

பெரும்பாலும் "தென்கிழக்கு" என்றுதான் பதில் வரும். சென்னை வடக்கே இருக்கு, டெல்லி அதுக்கும் வடக்கே. அப்புறம் ஏன் தென்கிழக்கு?

கொஞ்சம் நீளமான த்ரெட். டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

2/
நான் அரசு மருத்துவமனை டாக்டர். டூட்டி ஆஃப் நாட்கள்ல எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. பழைய மரப்பெட்டி டிவிகளைத் தேடிப் பிடிச்சு, உயிர் கொடுத்து வைக்கிறது.

நாலு கால், முன்னால இழுத்து மூடுற ஷட்டர், வலது பக்கம் "டக் டக்"னு திருப்புற சேனல் குமிழ், கீழ ஸ்பீக்கர் துணி. அதேதான், ஷட்டர் டிவி.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஏரல் வரைக்கும் ஆத்தங்கரை ஊர்கள்ல இன்னும் சில வீடுகள்ல இது இருக்கு. மேலே சாமி படம், உள்ளே பழைய துணிமணி.

3/
முதல்ல காது. கண்ணோட கதை அதுக்கப்புறம்தான்.

டிவி வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே நம்ம ஊர் வீடுகள்ல இலங்கை வானொலி ஒலிச்சது. கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது குரல்கள் எங்க அம்மா தலைமுறைக்கு மனப்பாடம்.

அதுல வியப்பு இல்லை. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் ஓடின காலம் அது. தேயிலைத் தோட்டத்துக்குப் போனவங்க, கொழும்பில் கடை வச்சவங்க, 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்தவங்க என்று தெருவுக்கு ஒரு குடும்பமாவது இருக்கும். நம்ம வீட்டு ரேடியோ முள்ளுக்குக் கொழும்பு பழகின இடம்.

4/
இப்போ டிவிக்கு வருவோம்.

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. சென்னைக்கு வர 1975 ஆகஸ்ட் 15 வரை காத்திருக்கணும்.

சென்னையிலிருந்து திருநெல்வேலி நேர்கோட்டில் கிட்டத்தட்ட 560 கிலோமீட்டர். டிவி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், பூமி உருண்டை. சென்னைக் கோபுரத்து அலை நம்மை எட்டவே எட்டாது.

அதாவது "தமிழ்நாட்டுக்கு டிவி வந்த ஆண்டு 1975"னு படிக்கிறோமே, அது நெல்லைக்குப் பொருந்தாது.

5/
சரி, பக்கத்துல வேற நிலையம் இல்லையா? இருந்துச்சு. திருவனந்தபுரம்.

காக்கா பறக்கும் தூரம் 90 கிலோமீட்டருக்குள்தான். 80களில் அங்கே தூர்தர்ஷன் நிலையம் வந்தாச்சு. ஆனா நடுவுல யார் நிக்கிறாங்க? பொதிகை மலை. அகத்தியர் கூடம் மட்டும் 1868 மீட்டர் உயரம்.

தென்மேற்குப் பருவமழையைத் தடுத்து அந்தப் பக்கம் கொட்ட வைக்கிற அதே மலைதான் டிவி அலையையும் தடுத்தது. தாமிரபரணியைக் கொடுத்த மலை, திருவனந்தபுரம் டிவியைக் கொடுக்கல.

6/
மிச்சம் ஒரே ஒரு திறந்த திசை: கிழக்கும் தென்கிழக்கும். அங்கே கடல், கடலுக்கு அப்பால் இலங்கை.

1979 ஏப்ரலில் கொழும்பில் ஐ.டி.என் தொடங்கியது. தனியார் முயற்சி, சில வாரங்களிலேயே அரசு எடுத்துக்கிடுச்சு. 1982 பிப்ரவரி 15 அன்று ஜப்பான் அரசின் உதவியோடு ரூபவாஹினி தொடங்கியது.

ரூபவாஹினியின் டிரான்ஸ்மிட்டர் ஒன்றை எங்கே வச்சாங்க தெரியுமா? பிதுருதலாகலை உச்சியில். இலங்கையின் மிக உயரமான மலை, 2524 மீட்டர்.

7/
கொஞ்சம் கணக்கு போடுவோம், பயப்படாதீங்க.

அவ்வளவு உயரத்திலிருந்து கிளம்பும் அலையும், நெல்லையில் ஒரு மொட்டைமாடிக் கம்பமும் ஒன்றை ஒன்று "பார்க்க" முடிகிற தூரம் சுமார் 240 கிலோமீட்டர். ஆனா பிதுருதலாகலையிலிருந்து திருநெல்வேலி 390 கிலோமீட்டர், தூத்துக்குடி 350.

கணக்குப்படி தெரியவே கூடாது. ஆனா தெரிஞ்சது. எப்படி?

8/
கடல்தான் காரணம்.

மன்னார் வளைகுடா மேல் சில நாட்களில் கீழே ஈரமான குளிர்ந்த காற்றும் அதுக்கு மேலே சூடான உலர்ந்த காற்றும் அடுக்கா நிக்கும். அந்த அடுக்குக்குள்ள மாட்டின டிவி அலை, குழாய்க்குள்ள தண்ணி ஓடுற மாதிரி வளைஞ்சு ரொம்ப தூரம் வரும்.

அதனாலதான் ஒரு நாள் கண்ணாடி மாதிரி படம், மறுநாள் முழுக்கப் புள்ளி. "இன்னைக்கு இலங்கை நல்லா தெரியுது"ன்னு பெரியவங்க சொன்னது உண்மையில் வானிலை அறிக்கை.

9/
இன்னொரு அதிர்ஷ்டமும் இருந்தது. இந்தியாவும் இலங்கையும் ஒரே 625 வரி முறையை எடுத்திருந்தன. அமெரிக்க முறை மாதிரி வேற ஒண்ணை இலங்கை எடுத்திருந்தா, அலை வந்தும் நம்ம செட்ல படம் ஒழுங்கா நின்னிருக்காது.

ரூபவாஹினி கலர்ல ஒளிபரப்பானது. நம்ம ஊர் செட்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. கலர் கடல் தாண்டி வந்து, நம்ம பெட்டியில வெளுத்துப் போச்சு.

10/
படம் வரணும்னா உழைக்கணும். உயரமான இரும்புக் குழாய், நாலு பக்கமும் இழுத்துக் கட்டின கம்பி, நிறைய குறுக்குக் கம்பி வச்ச ஆன்டெனா, பக்கத்துல பூஸ்டர்.

மாடியில ஒருத்தர் குழாயைத் திருப்ப, வாசல்ல ஒருத்தர், டிவி முன்னால ஒருத்தர்.
"தெரியுதாலே?"
"இன்னும் கொஞ்சம்... கொஞ்சம்... ஆங், நிறுத்து நிறுத்து! போச்சு!"

இதைக் கேட்காத நெல்லைத் தெரு அன்னைக்கு இல்லை. அப்படி உழைச்சுப் பிடிச்ச படத்துல பேசினது பெரும்பாலும் சிங்களமும் இங்கிலீஷும். நடுவுல தமிழ்ச் செய்தியும் சில தமிழ் நிகழ்ச்சிகளும். அந்தத் தமிழுக்காகத் தெருவே கூடும்.

11/
பெட்டிகளைப் பத்தி.

ஹைதராபாத்தின் பொதுத்துறை நிறுவனம் இ.சி.ஐ.எல் செய்த "இ.சி" டிவி, சென்னையின் டயனோரா, சாலிடேர், கேரள அரசின் கெல்ட்ரான். நம்ம பக்கம் நான் அதிகம் பாத்தது இவைதான். பெரும்பாலும் 20 இஞ்ச் கறுப்பு வெள்ளை.

ரேடியோவுக்கு இருந்த மாதிரியே டிவிக்கும் லைசென்ஸ் இருந்தது. ஆண்டுக்கொரு முறை தபால் ஆபீஸ்ல பணம் கட்டிப் புதுப்பிக்கணும். 80களின் நடுவில் அது ரத்தாச்சு. பழைய செட் வாங்கும்போது ஷட்டர் இடுக்கில் அந்தச் சின்னப் புத்தகம் கிடைச்சா எனக்கு டிவியை விட அது பெரிய புதையல். எந்த வருஷம், எந்த ஊர்னு அதுல இருக்கும்.

12/
1983ஐத் தனியா சொல்லணும்.

ஜூன் 25, லார்ட்ஸ் மைதானம், கபில்தேவ் கையில் கோப்பை. சரியா ஒரு மாசம். ஜூலை கடைசி வாரத்தில் கொழும்பில் தமிழர்கள் வீடுகளும் கடைகளும் எரிந்தன. ஆயிரக்கணக்கானோர் படகேறி ராமேஸ்வரம் கரைக்கு வந்தார்கள். நம்ம மாவட்டத்திலும் அகதி முகாம்கள் வந்தன.

யோசிச்சுப் பாருங்க. கொழும்பில் தம்பி கடை வச்சிருக்கான். அந்த ஊர் அரசாங்க டிவி உங்க வீட்டுக் கூடத்துல தெரியுது. அவன் உயிரோட இருக்கானான்னு அந்தப் பெட்டி சொல்லல. பெரியவங்க சிலர் இதை என்கிட்ட சொல்லும்போது குரல் இறங்கிடும்.

13/
1983 ஆகஸ்டில் இன்சாட் 1பி விண்ணுக்குப் போனது. அதை நம்பி 1984ல் நாடெங்கும் குறைந்த சக்தி டிரான்ஸ்மிட்டர்கள் வேகமாக நிறுவப்பட்டன. ஒரு ஊரும் சுற்றுவட்டாரமும்தான் அதன் எல்லை. பெரும்பாலும் டெல்லி நிகழ்ச்சியை அப்படியே வாங்கிக் கொடுக்கும்.

விளைவு? நம்ம நாட்டு டிவியில் இந்தி. பக்கத்து நாட்டு டிவியில் அரை மணி நேரமாவது தமிழ். ஆன்டெனாவைத் திருப்ப மனசு வரல பல பேருக்கு.

14/
மாற்றம் கொடைக்கானலிலிருந்து வந்தது. 80களின் பிற்பகுதியில் அங்கே உயர்சக்தி டிரான்ஸ்மிட்டர் இயங்கத் தொடங்கி, சென்னை நிகழ்ச்சிகள் தென்மாவட்டங்களுக்கு வந்தன.

கொடைக்கானல் 2100 மீட்டருக்கு மேல். நெல்லைக்கு 170 கிலோமீட்டர். மறுபடி அதே கணக்கைப் போட்டா, பார்வை எட்டும் தூரம் 220. இந்தத் தடவை காற்றோட தயவு தேவையில்லை. தினமும் படம்!

ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமைப் படம், ராமாயணம், மகாபாரதம். நெல்லை ஆன்டெனாக்கள் ஒவ்வொண்ணா வடக்கே திரும்பின. நான் பிறந்தப்ப எங்க வீட்டுக் குழாய் ஏற்கெனவே வடக்கு பாத்தாச்சு.

15/
இதுல ஒரு வேடிக்கை. தூர்தர்ஷனின் தமிழ் சேனலுக்குப் பின்னாடி வச்ச பேர் "பொதிகை". நமக்கு டிவியை மறைச்சு நின்ன மலையோட பேர்! 2024 ஜனவரியில் அதையும் "டிடி தமிழ்" என்று மாத்திட்டாங்க.

16/
"இதெல்லாம் சரி டாக்டர், பழைய பெட்டிக்கும் வரலாறுக்கும் என்ன சம்பந்தம்?"

பெட்டியைத் திறந்து பாத்தா தெரியும். அந்தக் கால டியூனர் ஒரு உருளை. ஒவ்வொரு சேனலுக்கும் தனித் தகடு, தனிச் சுருள். குமிழைத் திருப்பினா உருளை சுத்தி அந்தத் தகடு வந்து முட்டும்.

எது அதிகம் பயன்பட்டதோ அந்தத் தகடு மினுமினுன்னு தேஞ்சிருக்கும். தொடாத சேனல்ல பச்சைக் களிம்பு. ஆத்தங்கரை ஊர் ஒண்ணுல கிடைச்ச செட்ல ரெண்டு தகடு மட்டும் நல்லாத் தேஞ்சிருந்தது. வீட்டுப் பெரியவர் குமிழைப் பாத்ததும் சொன்னார்: "இது சிலோன். இது கொடைக்கானல்." ஒரு குடும்பத்தோட இருபது வருஷ மாலை நேரம் அந்த ரெண்டு தகட்டுல இருக்கு.

இதை எந்த அலுவலகமும் பதிவு செஞ்சு வைக்கல.

17/
பெட்டிகள் எங்கே போச்சு?

1993ல் சன் டிவி வந்தது, கேபிள் தெருத்தெருவா போச்சு. 12 சேனல் குமிழ் போதல. 2006க்குப் பிறகு தமிழக அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 இஞ்ச் கலர் டிவிகளை இலவசமாகக் கொடுத்தது. ஏழை வீட்டுக்கும் கலர் வந்தது நல்ல விஷயம். மரப்பெட்டி தொழுவத்துக்குப் போச்சு.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ரெண்டு கரையும் தாண்டி ஓடியது. தண்ணி வடிஞ்சதும் தெருவோரம் குவிஞ்ச பாய், மெத்தை, பீரோவுக்கு நடுவுல உப்பிப் போன ஷட்டர் டிவிகளும் கிடந்ததைப் பாத்தேன். ஒட்டுப்பலகை ஒருமுறை ஊறிட்டா அவ்வளவுதான்.

18/
இப்போ டாக்டரா பேசணும்.

பழைய இரும்புக் கடையில் டிவிக்கு மதிப்பே அதுல இருக்கிற தாமிரக் கம்பிக்குத்தான். யோக்கை உருவ, பிக்சர் டியூப் கழுத்தை உடைப்பாங்க. மிச்சக் கண்ணாடி குப்பையில், வாய்க்கால் ஓரத்தில்.

கலர் டியூபின் பின்பக்கப் புனல் கண்ணாடியில் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈய ஆக்சைடு இருக்கும். டியூப் முழுசா இருக்கும் வரை அது கண்ணாடிக்குள் பூட்டிக் கிடக்கும், பயமில்லை. நொறுக்கித் தூளாக்கினா, சூடாக்கினா கதை வேற. குழந்தைகள் உடம்பில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாது. மூளை வளர்ச்சியைத் தொடும்.

உடைக்காதீங்க. வயரை எரிக்காதீங்க. அங்கீகரிக்கப்பட்ட மின்கழிவு மையத்திடம் கொடுங்க.

19/
அடிக்கடி வரும் கேள்வி: "பழைய டிவியில எக்ஸ்ரே வருமாமே?"

பாதி உண்மை. பிக்சர் டியூபும் எக்ஸ்ரே குழாயும் பங்காளிங்க. 1895ல் ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடிச்சதே கேதோடு கதிர்க் குழாயை வச்சு ஆராயும்போதுதான். 1967ல் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் சில கலர் டிவிகளில் அளவுக்கு மீறிய எக்ஸ்ரே கசிந்தது தெரிஞ்சு, 1968ல் அதுக்குன்னே சட்டம் போட்டாங்க. ஈயக் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுக்கத்தான்.

நம்ம கறுப்பு வெள்ளைப் பெட்டியில் மின்னழுத்தம் குறைவு. முன்னால உக்காந்து பாக்குறதுக்குப் பயப்பட வேண்டாம்.

20/
பயப்பட வேண்டியது வேற. ஆர்வத்துல திறக்கப் போற தம்பி தங்கைகளே, கவனம்.

• பல செட்களில் சேசிஸ் நேரா கரண்ட் லைனோடு சேர்ந்திருக்கும். பின்மூடி திறந்த செட்டைப் பிளக்ல மாட்டித் தொட்டா ஷாக் நிச்சயம்.
• பிக்சர் டியூப் ஒரு பெரிய கண்டென்சர். 15,000 வோல்ட் அளவு மின்னேற்றம் சுவிட்ச் ஆஃப் பண்ணின பிறகும் தங்கியிருக்கலாம். அதை இறக்கத் தெரிஞ்சவரை வச்சு இறக்குங்க.
• ரெண்டு கையையும் உள்ளே விடாதீங்க. ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகும் கரண்ட் நெஞ்சைத் தாண்டித்தான் போகும். இதயத் துடிப்பு தாறுமாறானா வீட்ல ஒண்ணும் செய்ய முடியாது.
• டியூப் கழுத்தைப் பிடிச்சுத் தூக்காதீங்க. உள்ளே வெற்றிடம். வெடிச்சா கண்ணாடி பாயும்.

21/
வருஷக்கணக்கா தூங்கின செட்டை நேரா கரண்ட்ல மாட்டக் கூடாது. 100 வாட் குண்டு பல்பை சீரிஸ்ல போட்டுத்தான் முதல்ல சோதிக்கணும். உள்ளே ஷார்ட் இருந்தா பல்ப் பளிச்சுனு எரியும், செட் தப்பிக்கும்.

அப்புறம் எங்க தொழில் மாதிரியே, அறிகுறியை வச்சு நோயைக் கண்டுபிடிக்கணும்.
திரை நடுவுல ஒரே ஒரு படுக்கைக் கோடு? வெர்டிகல் பகுதி போச்சு.
"கொர்ர்" சத்தமும் படத்துல மெல்ல ஏறும் பட்டையும்? ஃபில்டர் கண்டென்சர் காஞ்சு போச்சு.
சத்தம் இருக்கு, திரை இருட்டு? உயர் மின்னழுத்தப் பக்கம் பாக்கணும்.
எல்லாம் சரி, படம் மட்டும் மங்கல்? டியூபுக்கு வயசாச்சு. அதுக்கு மருந்து இல்லை. பாரத் எலக்ட்ரானிக்ஸும் மத்தவங்களும் ஒரு காலத்துல செஞ்ச டியூபை இப்போ புதுசா செய்ய ஆளில்லை. இன்னொரு செத்த செட்லேர்ந்து எடுத்து வைக்கணும். உறுப்பு தானம்தான்.

22/
எனக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுத்தது புத்தகம் இல்லை. டவுன் பக்கம் 40 வருஷமா டிவி பாத்த ஒரு அண்ணாச்சி. சர்க்யூட் படம் இல்லாமலே கண்டுபிடிப்பார்.

"அண்ணாச்சி, எப்படித் தெரியுது?"ன்னு கேட்டேன்.
"சார், நீங்க நாடி பாக்கீயள்லா? நான் மோந்து பாப்பேன். எல்.ஓ.டி எரிஞ்சா ஒரு வாடை, ரெசிஸ்டர் எரிஞ்சா ஒரு வாடை."

இப்போ அவருக்குக் கண்ணுல புரை, கை நடுக்கம். புரைக்கு ஆபரேஷன் ஏற்பாடு பண்ணியாச்சு. அந்த வாடைகளைக் கத்துக்க அடுத்த ஆள் கிடையாது. போன் வீடியோவில் அவர் சொல்லச் சொல்லப் பதிவு பண்ணிட்டு வர்றேன்.

23/
கடைசியா ஒரு உண்மை. செட்டை முழுசா ரிப்பேர் பண்ணி, ஆன்டெனா வச்சாலும், பழைய மாதிரி தூர்தர்ஷன் படம் பிடிக்கிறது இப்போ கஷ்டம். தூர்தர்ஷன் தன் பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களில் மிகப் பெரும்பாலானவற்றை 2022க்குள் நிறுத்திடுச்சு.

நான் ஒரு சின்ன மாடுலேட்டர் வச்சு, செட்டாப் பாக்ஸ் படத்தைப் பழைய சேனல் அலையா மாத்திக் கொடுக்கிறேன். குமிழைத் திருப்பினா படம் வருது. வீட்டுக்கு வர்ற பெரியவங்க அந்த "டக் டக்" சத்தத்துக்கே சிரிச்சிடுறாங்க.

24/
உங்ககிட்ட நான் கேட்கிறது ரொம்பச் சின்ன விஷயம்.

வீட்ல ஷட்டர் டிவி இருந்தா, போடுறதுக்கு முன்னாடி:
• பின்பக்க லேபிள், கடை ஸ்டிக்கர், லைசென்ஸ் புத்தகம் — மூணையும் போட்டோ எடுங்க.
• எந்த வருஷம் வாங்கினது, என்ன விலை, முதல்ல தெரிஞ்ச சேனல் எதுன்னு பெரியவங்ககிட்ட கேட்டு எழுதி வைங்க. அவங்க இருக்கும்போதே கேளுங்க.
• இடம் இல்லைன்னா ரிப்பேர் தெரிஞ்சவங்களுக்குக் கொடுங்க. ஒரு செட்டின் உதிரியில் இன்னொரு செட் பிழைக்கும்.

கமெண்ட்ல உங்க ஊர் பேரும், ஆன்டெனா பாத்த திசையும் போடுங்க. ஸ்ரீவைகுண்டம், சேரன்மகாதேவி, திசையன்விளை, உடன்குடின்னு ஊர் ஊரா ஒரு வரைபடமா சேர்த்துட்டு இருக்கேன். இதுவரை கேட்டதுல கடலோர ஊர்கள்தான் கடைசி வரைக்கும் வடக்கே திரும்பாம இருந்திருக்கு.

நாளைக்கு காலை ஓபி இருக்கு, பதில் கொஞ்சம் லேட்டா வரும்.